வடிவுக்கு ஒட்டிய கழுகு

யுத்த காலத்தில் லிங்கநகரில் அக்கா வீட்டில் தங்கி, தம்பலகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அத்தான் வாடகைக் கார் ஓட்டினார். காருக்குள் பிளாஸ்டிக் பூமாலை, கண்ணாடி மணிகள் என்று ஒரு கடையே தொங்கும். கடைசியாக வந்தது, சிறகு விரித்த ஓர் இரும்புக் கழுகு. அதை இடப்பக்க இருக்கைக்கு நேர் முன்னால், டாஷ்போர்டில் பசை வைத்து ஒட்டியிருந்தார்.

"ஏன் அத்தான் இவ்வளவு கூரா இருக்கு?"

"சும்மா வடிவுக்குத்தான், பார்க்க அழகா இருக்கட்டும் எண்டு. கொழும்பில வாங்கினனான்."

அவர் கொழும்புப் பக்கம் போய் ஆறு மாதத்துக்கு மேலாகியிருந்தது.

ஒருநாள் பஸ் ஓடாததால் என்னை ஏற்றிப்போகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நான் அவருக்குப் பக்கத்தில், முன் இருக்கையில் ஏறினேன். கண்டி வீதியில் திடீரென்று இரண்டு மாடுகள் குறுக்கே பாய்ந்தன. அத்தான் பிரேக் அடிக்க, கார் இழுபட்டுப் போய் ஒரு மருதமரத்தில் மோதியது. நான் முன்னால் தூக்கி எறியப்பட்டேன். வலி பிறகுதான் வந்தது. தோளெலும்புக்குக் கீழே சட்டை நனைந்திருந்தது. அத்தானுக்கு நெற்றியில் வீக்கம் மட்டும்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என் உடம்பிலிருந்து விரல் நீள இரும்புத் துண்டு ஒன்றை எடுத்தார். கறுத்து, ஓரம் கிழிந்திருந்தது. கட்டிலருகே வந்து நின்ற பொலிஸ்காரர் அதைத் தாளில் சுற்றிக்கொண்டார்.

"எங்க வெடிச்சது?"

"வெடிக்கேல்லை ஐயா. கார் மரத்தோட அடிபட்டது."

"கார் அடிபட்டா கை, கால்தானே உடையும்? இரும்பு எப்படி உள்ள போகும்?"

மோதிய கணம் நினைவிலேயே இல்லை. அன்றே அத்தானைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

படுத்திருந்தபோது என் மனமும் பொலிஸ்காரரின் மனமாகிவிட்டது. சொல்லாமல் போய் இருட்டிய பின் திரும்பிய நாட்கள், காரின் பின் பெட்டியை என்னைத் திறக்கவிடாத ஒருநாள், கொழும்பு என்ற பொய். காரில் எதையாவது ஏற்றி வைத்திருந்தாரா? அக்காவிடம் மெல்லக் கேட்டேன்.

"அத்தான் ஆருக்கும் சாமான் கொண்டுபோறவரோ?"

அக்கா என் வாயைப் பொத்தினாள். "இஞ்ச வைச்சு இந்தக் கதை கதையாதை." அவளுக்கும் அதே பயம்தான் என்று விளங்கியது.

மூன்றாம் நாள், காரைச் சோதித்தவர்கள் கழுகைப் பெயர்த்து, தாளில் சுற்றிய துண்டோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு சிறகு இல்லை. டொக்டர் துண்டை எடுத்து முறிந்த இடத்தில் வைத்தார். பொருந்தியது.

"கொஞ்சம் மேல பட்டிருந்தா கழுத்து," என்றார். "இதையெல்லாம் ஆர் காருக்குள்ள ஒட்டச் சொன்னது?"

அத்தானை விட்டார்கள். தாடியோடு வந்து என் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"அது அடிபட்டு நொறுங்கின ஒரு காரில கழட்டினது. அக்கா அபசகுனம் எண்டுவா எண்டுதான் கொழும்பில வாங்கினதெண்டு சொன்னனான்." பிறகு, "நீயும் என்னைச் சந்தேகப்பட்டனியோ?"

"இல்லை அத்தான்."

நம்பினாரோ தெரியாது. கார் திருத்தி வந்தபோது உள்ளே ஒரு மணிகூட இல்லை. நான் பின் இருக்கையில் ஏறினேன். ஏனென்று அவர் கேட்கவில்லை. இருட்டிய பின் எங்கே போய் வந்தார் என்று நானும் கேட்கவில்லை.