நடுவில் ஒட்டிய ரீப்பர்

இன்று காலை மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தபோது, படகுக்கென வாங்கிய மெல்லிய தேவதாரு ரீப்பர்ச் சட்டம் ஒன்று என் மடியில் கிடந்தது. இரண்டு விரல் அகலம். நடுவில் சாய்வாக ஓர் ஒட்டு. தடவினால் கைக்குத் தட்டுப்படாது. அந்த ஒட்டு என்னால் வந்தது.

எங்கள் முடிச்சூரில் வெள்ளம் புகுந்த நாளில், என் மனைவியின் இன்சுலினைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மார்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தவர் அவளுடைய அண்ணன், என் மச்சான். தலையைத் துவட்டிக்கொண்டே, "அடுத்த தடவை படகுலதான் வருவேன் மாப்ளே" என்றார். வேடிக்கை என்றே நினைத்தேன். சில மாதங்களில் கேனோ என்கிற துடுப்புப் படகு ஒன்றின் வரைபடமும், ரீப்பர்களை வளைத்துப் பதிக்கும் அச்சுகளை வெட்டப் பிளைவுட்டும் என் மாடிக்கு வந்து சேர்ந்தன. அவர் வீட்டில் இடமில்லை.

ரீப்பர்கள் வந்தபோது அவர் வெளியே போயிருந்தார். படகின் முனைக்கு முனை ஒரே நீளமாக ஓட வேண்டியவை. மாடிப்படி வளைவில் திரும்பவில்லை. வெளிப்பக்கம் கயிறு கட்டி ஏற்றியிருக்கலாம். இறக்க வந்த ஆள், "இன்னா சார், மாடில கப்பல் வுடப் போறியா?" என்று கேட்க, தெருவே சிரித்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. ரம்பத்தை எடுத்து அத்தனையையும் பாதியாக அறுத்தேன். சாயங்காலம் வந்த மச்சானிடம், "கடையிலயே இப்படித்தான் குடுத்தாங்க" என்று பொய் சொன்னேன்.

அவர் முனைகளைத் தடவிப் பார்த்தார். "சரி, ஒட்டிக்கலாம்" என்றார். அதன்பின் ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து நேரே வருவார். முனைகளைச் சாய்வாகச் சீவி, பசை தடவி, ஜோடி சேர்ப்போம். ஓய்வுபெற்ற பிறகு நான் யாரோடும் அவ்வளவு பேசிச் சிரித்ததில்லை. ஒட்டி முடித்த கையோடு, பேரனைப் பார்த்துக்கொள்ள நாவலூர் போய்விட்டார்.

பேரன் பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டான், மச்சான் திரும்பிவிட்டார். இன்று அச்சுகளை வரிசையாக நிறுத்தி நூல் பிடித்தோம். படகு உருவாகிவிட்டால் என் பொய்யும் அதற்குள் போய் ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றியது.

"மச்சான், அன்னைக்கு நான்தான் அறுத்தேன்."

"தெரியும் மாப்ளே. உங்க மீசையெல்லாம் மரத்தூள்."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா நீங்க மாடிப் பக்கமே வந்திருக்க மாட்டீங்க. ஒத்தை ஆளா எப்படிக் கட்டுறது? அந்த முனையைப் பிடிங்க."

பிடித்தேன். ரீப்பர் அச்சுகளின் மேல் மெல்ல வளைந்து படிந்தது. ஒட்டு விடவில்லை.

"கட்டி முடிச்சுக் கீழ இறக்குறப்போ கயிறுதான் மாப்ளே" என்றார். "ரம்பம் என் தங்கச்சிகிட்ட இருக்கட்டும்."