பர்பிளைண்ட்

பார்வைக் குறைவை எண்ணால் குறிக்க வேண்டும், சொல்லால் அல்ல என்பது விதி. பாம்பன் மீனவர் ஒருவருக்கு வயதான டாக்டர் ‘பர்பிளைண்ட்’ என்று ஆங்கிலச் சொல்லில் சான்றெழுதிவிட்டார். உதவித்தொகை கேட்டு மீனவரோடு நானும் தாலுகா அலுவலகம் போனேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றியே வைத்திருக்கும் கண்காணிப்பாளர் அகராதியைப் புரட்டினார்.

“ஆதியில முழுக்குருடாம், பின்னால அரைக்குருடுன்னு அர்த்தம் மாறிருச்சாம். நீங்க எதுல சேத்தி?”

“வள்ளம் தெரியுது சார். ஏறப்போனா கடல்ல விழுறேன்.”

“அரைன்னா பணம் கிடையாது. மேல கேட்டுத்தான் சொல்லணும்.”

நான் விதியை நீட்டினேன். அவர் நெற்றிக் கண்ணாடியை மேசையில் தேடினார்.

அந்தச் சொல் முழுதிலிருந்து அரைக்கு வரப் பல தலைமுறைகள் ஆயின. மீனவர் அரையிலிருந்து முழுதுக்குப் போக அந்தக் கோப்பு மேலே போய்த் திரும்பிய காலமே போதுமானதாக இருந்தது. ‘அரைக்குருடு எனக் கொள்க’ என்ற பதிலை நான் அவருக்கு வாசித்துக் காட்டியது ஆடி அமாவாசையன்று, கடற்கரையில் அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தபோது.