உருளைக்கிழங்குக் கிண்ணத்தில் ஊறிய தண்ணீர்

தோல் சீவிய பச்சை உருளைக்கிழங்கில் கிணற்றடி ஈரமண்ணின் வாசனை அடிக்கும். எனக்கு மட்டும் அதோடு சீனியின் தித்திப்பும் நாக்கில் ஊறும், ஏனென்றால் எட்டு வயதில் அப்படி ஒரு கிழங்கினால் திருடி என்று பெயர் வாங்கி, அதே கிழங்கினால் அந்தப் பெயரைக் கழுவிக்கொண்டவள் நான்.

அது யுத்த காலம். பொட்டிப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு ரேஷனில் வரும் சீனி நாலு நாள் காப்பிக்கே காணாது. தலைப்பிரசவத்துக்கு அக்கா வந்திருந்ததால், அதிலும் இரண்டு கரண்டியை மிச்சம் பிடித்து, “சேனை”க்கு என்று ஆத்தா காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகத் தொட்டுவைக்கும் சீனித்தண்ணீர்தான் சேனை. வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த உரிமை அப்பாவின் அக்காளான பெரியத்தைக்கு. அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அடுத்தவர் பொய்யை அவர் பொறுத்ததும் இல்லை.

அக்காவுக்கு வலி கண்ட சாயங்காலம் அந்தக் காகிதத்தை எறும்பு மொய்த்துவிட்டது. ஆத்தாவுக்கு நிற்க நேரமில்லை. “ஏத்தா, எறும்பு ஏறாம எங்கனயாச்சும் பத்திரமா வையி. அத்தை கேட்டாகன்னா எடுத்துக் குடு” என்று என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள். தேனிச் சந்தையிலிருந்து அப்பா வாங்கிவந்த கிழங்குகளில் பெரியதாக ஒன்றை எடுத்து, “சொப்பு” விளையாட்டுக்குச் செய்வதுபோலத் தோலைச் சீவி, நடுவைக் குடைந்து கிண்ணமாக்கி, எறும்பைத் தட்டி உதறிய சீனியை அதில் கொட்டினேன். ஒரு தட்டில் தண்ணீர் விட்டு, அதன் நடுவில் கிண்ணத்தை நிறுத்தி, வாயைத் தேங்காய்ச் சிரட்டையால் மூடினேன். தண்ணீரைத் தாண்டி எந்த எறும்பு வரும் என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு தூங்கப் போனேன்.

மறுநாள் வெயில் ஏறியபோது ஆண்பிள்ளை பிறந்தது. சிரட்டையைத் தூக்கிய பெரியத்தை அப்படியே நின்றுவிட்டார். சீனியைக் காணோம், கிண்ணத்தின் விளிம்புவரை தண்ணீர்.

“சீனியத் தின்னுபுட்டுத் தண்ணிய ஊத்தி வச்சிருக்கா. திருட்டுக் கை பட்டது பிள்ளை நாக்குல படக்கூடாது” என்றார்.

நான் தின்னவில்லை என்று அழுதேன். சீனிக்கு ஏங்கிக் கிடந்த நாட்களில் அதை யார் நம்புவார்கள்? ஆத்தாவின் முகத்தில் கோபம்கூட இல்லை, வெட்கம்தான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாயில் கிடந்த அக்கா ஈனக்குரலில் சொன்னாள்: “நாக்குல வச்சுப் பாருங்க அத்தே. அவ தின்னுருந்தா தித்திக்காதுல்ல.”

பெரியத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பாகுபோலத் தித்தித்திருக்க வேண்டும், முகம் மாறிவிட்டது. “அம்புட்டுச் சீனியும் இங்கனதான் இருக்கு. தண்ணி எங்கனருந்து வந்துச்சு?” கிழங்கைத் தூக்கி அடியைத் தடவினார். ஓட்டை இல்லை, கீறல் இல்லை. வெளிப்பக்கம் விறைப்பாக இருக்க, உட்பக்கம் மட்டும் வாடித் துவண்டிருந்தது. தட்டிலிருந்த தண்ணீர் ஒரு நூலளவு இறங்கியிருந்தது. கெட்டியான கிழங்கின் சதைக்குள்ளே புகுந்து, சீனியிருக்கும் இடம் தேடித் தண்ணீர் தானாக ஏறியிருக்கிறது என்று புரிந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பெரியத்தை கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். “பொய் சொல்லாத பிள்ளையத் திருடின்னுட்டேன். இன்னைக்கு நான் வைக்கப்படாது. நீ வையி.”

விரலால் தொட்டு அந்தச் சிறு நாக்கில் ஒரு சொட்டு வைத்தேன். பிறகு ஒரு வாரம், வீட்டுக் கிழங்கையெல்லாம் குடைந்து கருப்பட்டி போட்டுப் பார்த்துத் திட்டு வாங்கினேன். துளி போட்டால் கொஞ்சமாகவும், நிறையப் போட்டால் நிறையவும் தண்ணீர் ஊறியது. ஒன்றும் போடாத கிண்ணம் வெறுமனே கிடந்தது.

இன்று பெரியத்தை இல்லை, அக்காவும் இல்லை. தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வைக்காதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்வதால் சேனையும் போய்விட்டது, அது நல்லதுதான். போன மாதம் அந்தப் பிள்ளை, இப்போது தலை நரைத்த மனிதன், தன் பேத்தியின் பள்ளிப் பாடத்துக்காக என் அடுப்படியில் கிழங்கைக் குடைந்து சீனி போட்டு வைத்தான். செறிவு கூடிய பக்கம் தண்ணீர் போகும், இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர் எனப் பேத்திக்கு விளக்கியவன், ஊறி நின்ற தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, “என்னமா தித்திக்குது சித்தி, நீங்களும் பாருங்க” என்றான்.

“உனக்கு இது ரெண்டாந்தடவைடா” என்றேன்.