வெங்காயத் தோட்டத்துப் பட்டன்

பிள்ளைகள், நீங்கள் இருவரும் மைக்ரோகொன்ட்ரோலர் பாடத்தில் லூப், இன்டரப்ட் என்று கதைக்கும்போது எனக்கு உடுப்பிட்டித் தோட்டமும் உங்கள் அம்மாவின் கோபமும்தான் நினைவுக்கு வரும். அதை எழுதி வைக்கிறேன்.

போரால் ஊரில் கரண்ட் நிற்பதற்கு முந்திய காலம் அது. நான் பத்தாம் வகுப்போடு நின்று, ரேடியோ திருத்திக்கொண்டிருந்தவன். கொழும்பில் வாங்கிய ஒரு சிப் போர்டை வைத்துக் கிணற்றடி மோட்டாருக்கு ஒரு பெட்டி செய்தேன். மோட்டார் கொஞ்ச நேரம் இறைக்கும், கிணறு ஊறும்வரை நிற்கும், திரும்ப இறைக்கும். இதுதான் லூப். அம்மா கிணற்றுக்குத் தூரத்தில், தோட்டத்தின் மறு தொங்கலில், வெங்காயப் பாத்திகளுக்கு ஒவ்வொன்றாகத் தண்ணீர் மாறுவார். வரம்பு உடைந்தால் அங்கிருந்தே நிறுத்துவதற்கு, ஒரு தடியில் பட்டனைக் கட்டிக் கிணற்றடிவரை வயர் இழுத்திருந்தேன்.

முதல் இறைப்பிலேயே வரம்பு உடைந்தது. அம்மா பட்டனை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். மோட்டார் நிற்கவில்லை. மண்வெட்டியை எறிந்துவிட்டு ஓடிவந்து மெயின் சுவிச்சை இழுத்தார். அதற்குள் ஒரு பாத்தி வெங்காயம் முழுக்கக் கிளம்பி வாய்க்காலில் மிதந்தது.

“உங்கடை பெட்டி என்ன செவிடோ?”

“செவிடில்லை. ஒவ்வொரு சுத்தும் தொடங்கேக்கைதான் பட்டனைப் பாக்கும்.”

“அப்ப அதின்ரை வசதியைப் பாத்தே வரம்பு உடைய வேணும்? இன்னொரு பாத்தி போனால் பெட்டி கிணத்துக்கைதான். சொல்லிப்போட்டன்.”

அந்த வருடம் நாங்கள் அந்த வெங்காயத்தை நம்பித்தான் இருந்தோம். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் நான் விடுவதாயில்லை.

சிப்பில் இன்டரப்டுக்கென்றே ஒரு கால் இருந்தது. பட்டன் வயரை அதில் ஒட்டினேன். இனி அழுத்தியவுடன் சிப் கையிலிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு மோட்டாரை நிறுத்தும். பிறகு விட்ட இடத்துக்குத் திரும்பும். இந்த முறை பாத்தியைப் பணயம் வைக்கவில்லை. வீட்டில் மோட்டாருக்குப் பதில் ஒரு பல்ப்பை மாட்டி, அம்மாவை அழுத்தச் சொன்னேன். உடனே அணைந்தது. நான் சிரிப்பதற்கிடையில் திரும்ப எரிந்தது.

“இஞ்சாருங்கோ, செவிடு மாறியிட்டுது. இப்ப மறதி வந்திட்டுது!”

உண்மைதான். அது திரும்பிப் போன இடம் “மோட்டாரைப் போடு” என்று சொல்லும் அதே லூப். நிறுத்தினால் போதாது, நிறுத்தியதை நினைவில் வைக்கவும் வேண்டும். பட்டனை அழுத்தியதும் சிப்பின் நினைவில் ஓரிடத்தில் ஒன்று என்று எழுதவைத்தேன். லூப் மோட்டாரைப் போடுமுன் அந்த இடத்தைப் பார்க்கும். ஒன்று இருந்தால் போடாது. அம்மா மறுபடி அழுத்தினால்தான் அது சைபராகும். பட்டன் நடுங்கி, ஒரு அழுத்தலை இரண்டாகக் காட்டாதபடி சிறிது பொறுக்கவும் வைத்தேன்.

அடுத்த இறைப்பில் அம்மா வரம்பு உடையும்வரை காத்திருக்கவில்லை. வெங்காயம் அள்ளுண்டு போன அந்த வெறும் பாத்தியின் வரம்பைத் தானே வெட்டிவிட்டுப் பட்டனை அழுத்தினார். மோட்டார் நின்றது. கையில் சேற்றுக் கட்டியோடு, வெட்டிய இடத்தை அடைக்காமல், கிணற்றடிப் பக்கம் பார்த்தபடியே நின்றார். மோட்டார் அசையவில்லை. பிறகுதான் குனிந்து, அவசரமில்லாமல் ஆறுதலாக அடைத்தார். திரும்ப அழுத்தினார். தண்ணீர் வந்தது.

“சரி, பெட்டியைக் கிணத்துக்கை போட மாட்டன்” என்றார்.

அவர் வீட்டுக்குப் போன பிறகு, பட்டனில் அப்பியிருந்த சேற்றை உடுத்திருந்த சாரத்தால் துடைத்தேன். பனி படாதபடி அதன்மேல் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துக் கட்டினேன்.