ஏழாம் நம்பர் பாட்டில்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கதை விடுகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். எனக்குக் கற்பனை என்பதே கிடையாது. ஏரித் தண்ணீரைப் பரிசோதிக்கிற உத்தியோகம். 1974, மாசி மாதம், கருங்குழிக்குப் பக்கத்து ஏரி ஒன்றில் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

மாதம் ஒருமுறை, வருஷக்கணக்காக, ஒரே இடத்தில் தண்ணீர் எடுத்து வந்தோம். மழை பொய்த்து ஏரி சுருங்கிக்கொண்டே போனது. மீன் தாங்குமா என்று பார்க்க வேண்டும். தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகவும் குறைவது விடியலுக்குச் சற்று முன்னால்தான். அதனால் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அந்நேரம்தான் படகில் போவோம். பாட்டிலைக் கயிற்றில் இறக்கி, அடித்தண்ணீர் பிடித்து, இரண்டு மருந்து விட்டு மூடுவோம். பழுப்பாகத் திரிந்தால் மீனுக்கு மூச்சு உண்டு. வெள்ளையாகத் திரிந்தால் இல்லை.

மருந்து விடுவது மாயவன் வேலை. கெட்டிக்காரன், வாயாடி. மூடியை இறுக்கியதும் படகு விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவான். அதைக் கேட்டு நான் நேரம் குறிப்பேன். போன ஐப்பசியில் வலை எடுக்கத் தனியாகப் போனான். படகு மட்டும் திரும்பியது, உடம்பு கிடைக்கவில்லை. எவளோடோ மெட்ராஸுக்கு ஓடிவிட்டான் என்று ஊரில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அவன் பெண்சாதி வச்சலா, தாலியைக் கழற்றுவதா காத்திருப்பதா என்று தெரியாமல் தவித்தாள். பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கும். மாயவனின் அண்ணன் எல்லப்பன் எங்கள் படகுக்குக் கோல் போட வந்ததே தம்பியைத் தேடத்தான்.

அன்று மணி 4.40. வழக்கமாக வேடந்தாங்கல் பக்கமிருந்து இரைக்கு வரும் வக்கா என்கிற இராக்கொக்குகள் கத்தித் தொலைக்கும். அன்று ஒன்றுகூடக் கத்தவில்லை. மருந்துப் பெட்டி பூட்டியபடி என் மடியில் இருந்தது. ஏழாம் நம்பர் பாட்டிலை இறக்கினேன். மூடி அதன் கழுத்திலேயே நூலில் தொங்கியது.

தரை தட்டியது. கொஞ்ச நேரம்... கயிறு இழுபட்டது.

விரால் என்று நினைத்தேன். சட்டென்று தொய்ந்தது. மேலே இழுத்தேன்... வெறும் கயிறு.

அறுந்திருக்கவில்லை. முடிச்சை யாரோ அவிழ்த்திருந்தார்கள்.

"இன்னா சார்?" என்றான் எல்லப்பன்.

"பாட்டில் போச்சுப்பா."

தண்ணீர் அசையவில்லை.

டொக்... டொக்.

விளிம்பில் இல்லை. படகுக்கு அடியில்.

எல்லப்பன் கோலைக் கீழே வைத்தான். "தம்பி சார்... கீழ கீறான் சார்."

குதிக்கப் போனான். அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

மறுபடி தட்டவில்லை.

ஆனியில் ஏரி வற்றியது. எல்லப்பன் அந்த இடத்துச் சேற்றை முழுக்கத் தோண்டிப் பார்த்தான். எலும்புகூட இல்லை. பாட்டில்தான் கிடைத்தது. அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, வச்சலாவையும் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு ஆபீசுக்கு வந்தான்.

மூடி இறுக்கியிருந்தது. உள்ளே தண்ணீர். அடியில் தயிர் மாதிரி படிந்திருந்தது. மருந்து விடாமல் அப்படித் திரியவே திரியாது. அன்று பெட்டி என் மடியை விட்டு இறங்கவில்லை. சாவி என் சட்டைப் பையில்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். வச்சலாவுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டில் சோறு தின்னும்போதுகூட மாயவன் இந்த மருந்துப் பேச்சுத்தான் பேசுவானாம்.

"வெள்ளையா கீது" என்றாள். பிறகு, "அங்க மூச்சு இல்லன்னு சொல்லிட்டாரு" என்றாள்.

என் மேஜைக்கு முன்னால் நின்றபடியே, முந்தானையால் நெற்றிப் பொட்டை அழித்தாள்.