வலது பையில் சீட்டுக்கட்டு

முத்துவேல் வாரத்தில் ஐந்து நாள் அமராவதிபுதூரில் பிளைவுட் அலமாரி செய்வார். சனி, ஞாயிறு மட்டும் காரைக்குடிக்கு பஸ் ஏறி, ஓர் அசைவ ஓட்டலில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு மேஜிஷியன் ஆகிவிடுவார். சித்திரை வெயிலில் அந்த ஊரில் கறுப்புக் கோட்டு போடுகிறவர்கள் வக்கீல்களும் அவரும்தான். வக்கீல்களையாவது சார் என்று கூப்பிட்டார்கள். இவரைப் ‘பலூனு’ என்றார்கள்.

கோட்டின் இடது பையில் நீளப் பலூன்களும் கைப்பம்பும் இருக்கும். வலது பையில் சீட்டுக்கட்டும் ஒரு நாணயமும். ஆறு வருஷமாக இந்த இரண்டு பைக்கும் சமமாக வேலை கொடுக்கப் பார்க்கிறார், நடக்கவில்லை. வீடு திரும்பும்போது இடது பை காலியாகத் தொங்கும். வலது பை வைத்தது வைத்தபடி இருக்கும். "ஒங்க சீட்டுக்கட்டு இன்னும் புதுசாவே இருக்கே" என்பாள் மனைவி நாகஜோதி. அவள் கேலியாகச் சொல்லவில்லை என்பதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

பலூனைக் குறை சொல்லக் கூடாது. அதை வாளாக முறுக்கிக் கொடுத்தால் இரண்டே நிமிஷத்தில் எதிர் மேசை ரசம் கவிழும். பலூன் நாய் வெடித்தால் யாருக்காவது புரையேறும். ஆனாலும் பிள்ளைகள் வாயை மூடுவதால் பெற்றவர்கள் அவரைத் தெய்வமாகப் பார்த்தார்கள். மேஜிக் பெரியவர்களுக்கானது. பெரியவர்களுக்குத்தான் நம் ஊரில் சாப்பிடும்போது கை ஓய்வாக இருக்காதே! முத்துவேல் போனில் பார்த்துப் படித்த வித்தைகளில் வெள்ளைக்காரர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுத்தமான விரலால் சீட்டு எடுத்தார்கள். இங்கே உட்கார்ந்த மறுநிமிஷம் இலை விழும், அடுத்த நிமிஷம் வலது கை குழம்பில் இருக்கும். இடது கையால் எடுங்கள் என்றால், கெட்ட வார்த்தை பேசியவனைப் போல அவரைப் பார்த்தார்கள்.

இந்த நிலைமையில் ஓட்டலுக்குப் புதுப் பலகைகள் எழுத ஆள் வந்தது. முதலாளி ராமநாதன் முத்துவேலைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கெழம ஒரே ஒரு மேசையில மேஜிக் காட்டு. அவுக கை தட்டுனா பலகையில மேஜிக்குன்னு எழுதச் சொல்றேன். இல்லையா, சீட்ட வீட்டுல வச்சுட்டு பலூனோட மட்டும் வா."

அந்த வாரம் முழுக்க முத்துவேலுக்கு ஒத்திகைதான். அலமாரிக்கு ஆணி அடிக்கும்போதுகூட இடது கை சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தது.

ஞாயிறு மதியம் பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி தங்கை குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார். இலை விழுவதற்குள் முடித்துவிடலாம் என்று முத்துவேல் ஓடினார். அவருக்கு முன்னால் நண்டு மசாலா போய்விட்டது.

"ஒரு சீட்டு எடுங்க ஆச்சி. இடது கையாலயே எடுக்கலாம்."

"அது எப்படிய்யா? நீங்க தொழில் பண்ற பொருள எடங்கையால தொடலாமா?"

ஆறு வருஷத்தில் அதைத் தொழில் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அந்த மரியாதையோடு ஆச்சி வலது கையை நீட்டி, கட்டின் நடுவிலிருந்து ஒரு சீட்டை உருவிப் பார்த்துவிட்டு, திரும்பச் செருகினார். முத்துவேல் கலைத்தார். மறுபடி கலைத்தார். கண்ணை மூடி, மந்திரம் மாதிரி எதையோ முணுமுணுத்து, சீட்டுகளை விசிறியாக விரித்தார்.

"அந்தா! நண்டு ஒட்டுன சீட்டு!" என்று கத்தினாள் தங்கை மகள் தீக்ஷா.

மேசையே கை தட்டியது. "தட்டுனது ஒனக்கில்ல, அந்தப் பிள்ளைக்கி" என்றார் ராமநாதன், கல்லாவில் இருந்தபடியே.

முத்துவேல் சீட்டைக் கழுவக் குழாயடிக்குப் போனார். கழுவக் கழுவ மஞ்சள் பரவியதே தவிரப் போகவில்லை. பக்கத்துக் குழாயில் ஆச்சி கை கழுவிக்கொண்டிருந்தார்.

"பாழாக்கிட்டேனேய்யா. வேற வித்தை இருக்கா?"

ஆச்சியின் வலது கை சுத்தமாக நீண்டிருந்தது. முத்துவேல் நாணயத்தை அந்த உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார். "இப்பத் தொறங்க."

கை காலி. ஆச்சி குழாய்க்குக் கீழே பார்த்தார், முந்தானையை உதறினார், பின்னால் நின்றவரைச் சந்தேகமாகப் பார்த்தார். நாணயம் சோப்பு டப்பாவுக்குள் இருந்தது.

"ஆத்தாடி!" என்றார் ஆச்சி. அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்த முகத்துக்காக முத்துவேல் இன்னும் அறுபது வருஷம் பலூன் ஊதுவார்.

குழம்பு காய்ந்த கையோடு கழுவ வந்தவர்கள் கழுவ மறந்து நின்றார்கள். சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் நின்று கடைசி வாய்ச் சோற்றை எண்ணிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் குழாயடிக்கு நகர்ந்தது. ஆறு வருஷமாக அந்தக் கூட்டத்தை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தவித்த ராமநாதனின் முகம் மலர்ந்தது. "முத்துவேலு, இனி மேசைப்பக்கம் பலூன். மேஜிக்க அங்குட்டே வச்சுக்க."

அடுத்த வாரம் பலகை வந்தது. கொட்டை எழுத்து.

கை கழுவும் இடம்
இங்கு துப்பாதீர்
மேஜிக் காட்டப்படும்

முத்துவேல் அதன் பக்கத்தில் கோட்டோடு நின்று ஒரு படம் எடுக்கச் சொன்னார். பஸ்ஸில் வரும்போதே மேல் இரண்டு வரியையும் போனில் வெட்டினார். வீட்டுக்கு வந்ததும் நாகஜோதியிடம் நீட்டினார். அவள் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"மேல என்னமோ எழுதுனது பாதி தெரியுதே, என்ன அது?"

"அதுவா? மறைய வச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு, முத்துவேல் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வலது பை நனைந்திருந்தது.