சாமி ரூம் மூலையில் நாலு ஜாக்கி

என் மோட்டார் சைக்கிளுக்கு நடு ஸ்டாண்டு கிடையாது. வாங்கும்போது மேலழகைப் பார்த்தேன், அடியைப் பார்க்கவில்லை. செயினைத் துடைத்து எண்ணெய் விட வேண்டுமென்றால் பின்சக்கரம் சுற்ற வேண்டும். சுற்ற வேண்டுமென்றால் அது தரையைத் தொடாமல் நிற்க வேண்டும். அதற்காக ஒரு ஜாக்கி வாங்கலாம் என்று உட்கார்ந்தவன் மூன்று வாரம் ஃபோனில் ஜாக்கிகளாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கவ்விப் பிடிக்கும் ஸ்டாண்டு, காலால் மிதித்தால் எழும் எண்ணெய் ஜாக்கி, கத்தரிக்கோல் மாதிரி விரியும் திருகு ஜாக்கி. "இந்நேரம் நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ளையே பாத்திருக்கலாம்" என்றாள் மனைவி.

கடைசியில் அம்பத்தூரில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "வண்டிக்கு அடியில இன்னா கீது சார், கம்பியா பைப்பா?" நான் குனிந்து பார்த்ததேயில்லை. "சைலன்சர் பைப் மேல வெச்சுத் தூக்கினா அது நசுங்கிடும் சார். ரெண்டு பக்கக் கம்பியும் உக்கார மாதிரி அகலத் தட்டு வேணும். மேல ரப்பர் கீதான்னு பாத்துக்க."

வீட்டுக்குத் திரும்பி வந்து, பார்க்கிங்கில் மல்லாந்து படுத்து வண்டியின் அடியைப் படம் பிடித்தேன். வாட்ச்மேன் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார், மயங்கி விழுந்துவிட்டேன் என்று.

மறுநாள் படத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் எண்ணெய் ஜாக்கியை நீட்டினார். அதுதான் சுலபமாக ஏறுமாம். "திருகு ஜாக்கியே குடுங்க. அது நாம திருகினாதான் இறங்கும்" என்று என் வாய் தானாகச் சொன்னது. எங்கே கேட்டது என்று அப்போது ஞாபகம் வரவில்லை. பார்க்கிங்கில் அட்டைப் பெட்டியைப் பிரித்து, கிரீஸ் வாடை முகத்தில் அடித்த பிறகுதான் பல்பீர் ஞாபகத்துக்கு வந்தார். கூடவே ஒரு வீடும் வந்தது.

திருமுல்லைவாயிலில் நைனா கட்டிய வீடு அது. கட்டிய புதிதில் தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போவோம். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் ஒரு படியைத் தெரு விழுங்கியது. நான் வேலைக்குப் போக ஆரம்பித்தபோது மூன்று படி இறங்கித்தான் வீட்டுக்குள் போக முடியும். நைனாவின் கனமான பழைய மோட்டார் சைக்கிளைக் காலையில் பலகை போட்டு மூன்று பேரும் தெருவுக்குத் தள்ளி ஏற்றுவோம். அம்மா பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே, "உம் புள்ளைக்கு பொண்ணு குடுக்க வரவங்க இதப் பாத்தா திரும்பிப் போய்டுவாங்க" என்பாள். மழையில் தெருத் தண்ணீர் உள்ளே வந்தால் கட்டிலின் மேல் பீரோ சாமான், அதன் மேல் நாங்கள்.

இடித்துக் கட்ட வசதியில்லை. அப்போதுதான் யாரோ சொன்னார்கள், வீட்டை அப்படியே தூக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள், அரியானாக்காரர்கள் என்று. தொழிற்சாலை ஸ்டோரில் முப்பது வருஷம் வேலை பார்த்த நைனாவுக்கு நம்பிக்கையில்லை. "ஊடு இன்னா டிபன் பாக்ஸா, தூக்கினு போவ?" என்றார். ஆனாலும் அந்த வருஷம் மழை முடிந்ததும் அவரே போய் அழைத்து வந்தார்.

மேஸ்திரி பல்பீர், ஒல்லியான மனிதர். சென்னைத் தெருக்களில் பொறுக்கிய தமிழ் பேசுவார். அவருடைய ஆட்கள் அஸ்திவாரத்துக்கு மேலே செங்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, இடையில் இரும்புச் சட்டம் கொடுத்து, அடியில் லாரி ஜாக்கிகளைச் செருகினார்கள். இருநூறுக்குப் பக்கம் இருக்கும். எண்ணெய் ஜாக்கி ஏன் வைக்கவில்லை என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னதுதான் அந்த வாக்கியம். "தம்பி, ஆயில் தூங்கிடும், தானா கீழ வந்துடும். இது திருகினாதான் இறங்கும்."

பல்பீர் விசில் ஊதுவார். ஒரு குட்டி விசிலுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் ஜாக்கியின் கைப்பிடித் தண்டைக் கால்வாசிச் சுற்று திருக வேண்டும். நீள விசில் என்றால் கை அப்படியே நிற்க வேண்டும். முதல் நாள் மாலைக்குள் வீடு ஒரு சாண் எழுந்துவிட்டது. தரை கீழேயே நின்றது, சுவர்கள் மட்டும் மேலே போயின. உள்ளே போய்ப் பார்த்தேன். ஹாலின் நாலு பக்கமும் சுவருக்கு அடியில் கோடு போட்ட மாதிரி வெளிச்சம். தெருவில் போகிறவர்களின் செருப்புகள் தெரிந்தன. சின்ன வயதிலிருந்து பார்த்த வீடு, தரையை விட்டுத் தனியாக நின்றது. பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, கையிலிருந்த டீ ஆறிப்போகும்வரை நின்றேன்.

அம்மா மட்டும் வெளியே வர மறுத்தாள். பல்பீர் கையெடுத்துக் கும்பிட்டும் அசையவில்லை. "எங்க ஊடு மேல போவுது, நா எதுக்கு வெளிய போவணும்?" சுவரோடு சேர்ந்து சமையல் மேடையும் ஏறி அவள் மார்புக்கு வந்துவிட்டது. அடுப்பைத் தரையில் இறக்கி வைத்து, நடு ஹாலில் உட்கார்ந்து சமைத்தாள்.

மூன்றாம் நாள் பல்பீரின் ஆட்களில் ஒருவருக்குக் காய்ச்சல். சாமி ரூம் மூலையில் நாலு ஜாக்கிக்கு ஆளில்லை. "தம்பி, நீ வா" என்றார். நைனா தெருவிலிருந்தே கத்தினார். மூன்று நாளாகக் கையைக் கட்டிக்கொண்டு அங்கேதான் நின்றார், எதையும் தொடவில்லை. "அவங்கிட்ட குடுக்காதீங்க! வண்டி ஸ்டாண்டே ஒழுங்கா போடத் தெரியாது அவனுக்கு!"

உண்மைதான். இருந்தாலும் மண்டியிட்டு உட்கார்ந்தேன். விசில் வந்தது. தண்டைத் தள்ளினேன். மாவாட்டுகிற பலம்கூடத் தேவைப்படவில்லை. என் தலைக்கு மேலே சுவர், சுவருக்கு மேலே தளம், தளத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டி. அத்தனையும் என் கைக்கு இணங்கி நூலளவு எழுந்தது. அந்தப் பெருமையில் இருந்தபோது பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. நான் திருகிவிட்டேன்.

தலைக்கு மேல் 'டக்' என்று ஒரு சத்தம். சுவரில் நகம் நுழைகிற அளவுக்குக் கோணலாக ஒரு விரிசல் ஓடியது. நீள விசில். எல்லாக் கைகளும் நின்றன. உள்ளே அம்மா இருந்தாள்.

பல்பீர் ஓடவில்லை, நடந்துதான் வந்தார். ஜாக்கிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. பிறகு மற்ற மூலைகளை மட்டும் மெல்ல மெல்லத் திருகச் சொன்னார். என் கண்ணெதிரே அந்த விரிசல் குறுகியது. கடைசியில் பென்சில் கோடு மாதிரி ஆகிவிட்டது.

"இன்னா சத்தம்? யார் பண்ணது?" உள்ளிருந்து அம்மா கேட்டாள்.

"ஜாக்கி பழசு, அம்மா" என்றார் பல்பீர்.

தண்டைக் கீழே வைத்தேன். எழுந்துவிடலாம் என்று பார்த்தபோது பக்கத்தில் யாரோ மண்டியிட்டார்கள். நைனா. இஸ்திரி போட்ட வேட்டி மண்ணில் புரண்டது. திட்டுவார் என்று நினைத்தேன்.

"நீ ரெண்டு புடி. நா ரெண்டு புடிக்கிறேன்" என்றார்.

அன்று சாயங்காலம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். விசில் வரும், இரண்டு பேரும் திருகுவோம். அவருடைய மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. அவ்வளவு நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

வீடு ஐந்தடி எழுந்தது. அடியில் சுவர் கட்டி, மண் நிரப்பி, புதுத் தரை போட்டோம். அடுத்த மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் ஓட, நைனா வாசலில் நாற்காலி போட்டு அதை வேடிக்கை பார்த்தார். வீட்டுக்கு வருகிற கேஸ்காரர், தபால்காரர், கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர், யாரையும் அவர் விடவில்லை. சாமி ரூம் மூலைக்குக் கூட்டிப் போய் சுவரைத் தட்டிக் காட்டுவார். "இந்த மூலைய நானும் எம் புள்ளையுந்தான் தூக்கினோம்." நான் தப்பாகத் திருகிய கதையை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை, என்னிடம்கூட.

அவர் போன பிறகு தெருவில் எல்லா வீடுகளும் ஒவ்வொன்றாக ஃபிளாட் ஆயின. எங்களுடையதையும் பில்டரிடம் கொடுத்தாயிற்று. அந்த மனையில் எழுந்த கட்டடத்தில், இரண்டாம் மாடியில்தான் இப்போது இருக்கிறோம். வருகிறவர்களிடம் சொல்ல நைனா இல்லை, தட்டிக் காட்டச் சுவரும் இல்லை. சாமி ரூம் மூலை இருந்த இடத்தில் லிஃப்ட் ஓடுகிறது.